ஸ்பீக்கரை அணைங்க சாமிகளா!

ஆபீசுல ஆணி கொஞ்சம் அதிகம். அதனால இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசமாச்சு. வந்ததும் வராததுமா சண்டையோட வர்றேன், மன்னிச்சுக்கோங்க மக்களே. விஷயம் அப்படி.

போன மாசம் நண்பர்களோட வால்பாறை போயிருந்தேன். நாலு பேரும் பொட்டி தட்டுற கோஷ்டி. காலையில ஆறரை மணிக்கு ஒரு சோலை ஓரமா ரோட்டுல நின்னா, எங்களுக்கு முன்னாடியே ஒரு குழு வந்து நிக்குது. பச்சை கலர் சட்டை, தண்ணிக்குழாய் சைசுல லென்சு, மூணுகால் ஸ்டாண்டு. புதருக்குள்ள துணி சுத்தின ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். அதுல தீக்காக்கையோட குரல் ஓடிட்டே இருக்கு. தீக்காக்கை தெரியும்ல? தலை கறுப்பு, வயிறு குங்குமச் சிவப்பு, மரத்துல ஆடாம அசையாம உட்காரும். மழைக்காட்டுக்குப் போற போட்டோகிராபர் எல்லாருக்கும் அது மேல ஒரு கண்ணு.

ஆண் பறவை வந்துச்சு. ஒரு கிளையில உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடுச்சு. டக் டக்னு பத்திருபது ஷாட். "இன்னொருவாட்டி போடு, இந்தப் பக்கம் திரும்பட்டும்"னு ஒருத்தர். மறுபடி போட்டாங்க. அது கிளை மாறுச்சு. மறுபடி போட்டாங்க. இருபது நிமிஷம் இதே கதை. எனக்குப் பொறுக்கல. "ஏனுங்க, போதுமுங்களே, விட்டுருங்க"ன்னு சொன்னேன். "தம்பி, நாங்களும் இயற்கை ஆர்வலர்கள்தான்"னு பதில் வந்துச்சு.

ஊருக்கு வந்து நம்ம பதிவுலக நண்பர்கள் சிலர்கிட்ட புலம்பினேன். ஆறுதல் கிடைக்கும்னு பார்த்தா, பாதிப்பேர் அந்தப் பச்சைச் சட்டைக்கு வக்கீலா வந்து நிக்கிறாங்க! அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். நானும் இந்தத் தப்பைப் பண்ணினவன்தான். நாலு வருஷம் முன்னாடி, ஆனைமலை அடிவாரத்துல ஒரு மூங்கில் புதர் பக்கம், போன்ல சோலைபாடியோட பாட்டைப் போட்டேன். லவுட் ஸ்பீக்கர்ல. ஏப்ரல் மாசம், கூடு கட்டுற நேரம்னு அப்போ தெரியாது. ரெண்டே நிமிஷத்துல ஆண் சோலைபாடி விசுக்குன்னு வந்து எனக்கு அஞ்சடி தூரத்துல உட்கார்ந்துச்சு. வாயில புழு. குஞ்சுகளுக்குக் கொண்டு போயிட்டிருந்திருக்கு. வாலை வெடுக் வெடுக்னு தூக்குது, என் போனைப் பார்க்குது, பாட வாயைத் தொறக்குது, புழு கீழே விழுந்துருச்சு. அதை எடுக்கக்கூட இல்ல. போனைச் சுத்திச் சுத்திப் பாடிட்டே இருந்துச்சு. எனக்கு அன்னிக்கு ஒரே சந்தோஷம். வீடியோ எடுத்து ஊரெல்லாம் காட்டினேன். அதுல அந்தப் புழு விழற எடத்தை நான் கவனிச்சதே ஆறு மாசம் கழிச்சுத்தான்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊரு குண்டடம். தாராபுரம் பக்கம், மழை மறைவு பூமி. கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, மேய்ச்சல் மாடு. அந்தக் காட்டுல கவுதாரி நெறைய. சின்ன வயசுல கவுதாரி பிடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். கூண்டுக்குள்ள ஒரு பழக்கின ஆண் கவுதாரி. அதைப் புதர் ஓரமா வெச்சுட்டு சுத்தியும் கண்ணி போட்டுருவாங்க. கூண்டுக் கவுதாரி கத்தும். அந்த எடத்துக்குச் சொந்தக்கார கவுதாரி, "எவன்டா எங்காட்டுக்குள்ள?"ன்னு சண்டைக்கு ஓடி வரும். கால் கண்ணியில மாட்டிக்கும். இப்படி ஆசையோ ஆத்திரமோ காட்டி இழுக்க வளர்க்கிற மிருகத்துக்கும் பறவைக்கும் பழந்தமிழ்ல 'பார்வை'ன்னே பேரு.

எங்க அப்பாருக்கு இந்த ஆளுகளைக் கண்டாலே ஆகாது. கொறங்காட்டுக்குள்ள விடவே மாட்டார். ஒருநாள் நான் கேட்டேன், முயல் பிடிக்கிறவனை விட்டுட்டு இவங்களை மட்டும் ஏன் இந்தத் தொரத்து தொரத்தறீங்கன்னு. "பசிச்சு எரைக்கு வந்து மாட்டுனா அது வேற கண்ணு. இது தன்ற ஊட்டைக் காப்பாத்தோணும்னு வருது. அதை வெச்சே பிடிக்கிறான் பாரு"ன்னார். அப்போ புரியல. அந்த வீடியோவை ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ புரிஞ்சது. என் போன்தான் கூண்டுக் கவுதாரி. கண்ணிக்குப் பதிலா காமிரா. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஓவரா பேசறே, வேட்டையும் இதுவும் ஒண்ணா?"ன்னு கேட்பீங்க. நான் சொல்லல சாமி, ஐரோப்பாக்காரன் சட்டமே சொல்லுது. 1979ல அவங்க கொண்டு வந்த பறவைகள் பாதுகாப்புச் சட்டத்துல, பறவை பிடிக்கப் பயன்படுத்தக் கூடாத சாமான்னு ஒரு பட்டியல் இருக்கு. சுருக்கு, தூண்டில் முள், பிசின், வலை, விஷம்... அதே வரிசையில டேப் ரெக்கார்டரும் இருக்கு! சைப்ரஸ், எகிப்து பக்கமெல்லாம் வலையைக் கட்டிட்டு ராத்திரி பூரா பறவைக் குரலை ஸ்பீக்கர்ல போட்டு, வலசை போற குருவிகளை இறக்கிப் பிடிக்கிறாங்க. கருவி ஒண்ணுதான். நாம எடுத்துட்டுப் போறது போட்டோ, அவங்க எடுத்துட்டுப் போறது கறி.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27வது பிரிவு, சரணாலயத்துக்குள்ள எந்தக் காட்டு உயிரையும் சீண்டவோ தொல்லை பண்ணவோ கூடாதுங்குது. அந்தச் சட்டத்துல 'விலங்கு'ன்னா பறவையும் சேர்த்திதான். சட்டம் இருந்து என்ன, புதருக்குள்ள துணி சுத்தி வெச்ச ஸ்பீக்கரை யார் போய்த் தேடறது?

சரி, இனி வக்கீல்களோட வாதங்களுக்கு வருவோம்.

வாதம் 1: "ஒரு நிமிஷம் போடறதுல என்ன ஆயிரப் போகுது?"

உங்களுக்கு ஒரு நிமிஷம். பறவைக்கு? அந்த மரத்தடியோட ஜிபிஎஸ் புள்ளி இப்போ எல்லார் போன்லயும் இருக்கு. நீங்க போனதும் அடுத்த காரு வரும். அதுலயும் ஒரு ஸ்பீக்கர். அவங்களும் "ஒரு நிமிஷந்தான்"னு சொல்லுவாங்க. நெசமான எதிராளி வந்தா ரெண்டும் பாடிப் பார்க்கும், ஒண்ணு தோத்து ஓடும், கணக்கு முடிஞ்சுது. ஸ்பீக்கர்காரன் தோக்க மாட்டான். ஓடவும் மாட்டான். களைக்கவும் மாட்டான். எவ்வளவு தேடினாலும் கண்ணுல பட மாட்டான். தினமும் ராத்திரி உங்க வீட்டுக் கதவை யாரோ தட்டி, தொறந்து பார்த்தா ஆளில்லைன்னா எத்தனை நாள் தூங்குவீங்க?

வாதம் 2: "கெடுதல்னு நிரூபணம் இருக்கா?"

நியாயமான கேள்வி. பதிலும் நேர்மையாச் சொல்லணும். 2002ல 'சயின்ஸ்' இதழ்ல கனடாக்காரங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சிக்கடீன்னு ஒரு சின்னக் குருவி. அதுல கூட்டத்துல அந்தஸ்துள்ள ஆண்களுக்கு எதிரா, சண்டைக்கு இழுக்கிற மாதிரி பாட்டைப் போட்டாங்க. அந்த ஆண்கள் பாட்டுப் போட்டியில தோத்த மாதிரி ஆயிருச்சு. பெண்கள் இதையெல்லாம் ஒட்டுக் கேட்டுட்டு இருந்திருக்கு. பின்னாடி குஞ்சுகளோட மரபணுவைப் பார்த்தா, அப்படித் 'தோத்த' ஆண்களோட கூட்டுல வேற அப்பனோட குஞ்சுக ஜாஸ்தி. கொஞ்ச நேரப் பாட்டு, ஒரு குடும்பத்தோட கதையையே மாத்திருச்சு.

மறுபக்கமும் சொல்றேன். 2013ல வெளியான இன்னொரு ஆய்வு, எக்வடார் மலைக்காட்டுல பண்ணினது. பறவை பார்க்கிறவங்க போடற மாதிரியே தினமும் பாட்டுப் போட்டுப் பார்த்தாங்க. அங்கிருந்த ஒரு ரென் இனம் முதல்ல ஜாஸ்தியா கத்துச்சு, பன்னெண்டு நாளுக்குள்ள பழகிப்போய் கண்டுக்கறதை விட்டுருச்சு. "பாத்தியா, ஒண்ணும் ஆகல"ன்னு இதைக் காட்டறாங்க. அது ஒரு இனம், ஒரு காடு. சிக்கடீக்கு வேற பதில் வந்துச்சு. நம்ம தீக்காக்கை இதுல எந்தக் கட்சின்னு சோதிச்சுப் பார்க்காமலேயே, ஒண்ணும் ஆகாதுங்கற பக்கம் பந்தயம் கட்டறோம். பணயம் அதோட கூடு, லாபம் நமக்கு. கோடிங்ல டெஸ்ட் பண்ணாம நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தினா மேனேஜர் என்ன சொல்லுவார்னு நமக்கெல்லாம் தெரியும்தானே?

வாதம் 3: "ஆராய்ச்சியாளர்களும் போடறாங்களே?"

போடறாங்க. அனுமதி வாங்கி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம்னு கணக்கு வெச்சு. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணும் கையில இருக்கும். எங்க ஊர்ல விண்ட்மில் காத்தாடி சுத்துதே, அது பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல. மலைச் சோலைகள்ல சோலைக்கிளின்னு ஒரு நீலப் பறவை இருக்கு (பேர்லதான் கிளி, கிளி இல்ல). இந்தக் கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், நீலகிரிப் பக்கம். தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இன்னொரு இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே மூணாவது. அந்த மூணாவதைத் தனி இனம்னு 2017லதான் அறிவிச்சாங்க. மரபணு, உடம்பு அளவு, இறகு நிறம், இதோட பாட்டு ஒலிப்பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அந்த ஆய்வு நடந்துச்சு. மலை உச்சியில தீவு மாதிரி ஒதுங்கிக் கிடக்கிற கூட்டங்க இதுக. ஒலிப்பதிவு அதுகளுக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு. அதே ஒலிப்பதிவைக் கொண்டு போய் அதோட கூட்டுக்குப் பக்கத்துல அலற விட்டுட்டு, "சயின்டிஸ்டும் இதைத்தான் பண்றார்"னு சொல்லாதீங்க. டாக்டர் கத்தி வைக்கிறார்ங்கறதுக்காக நாமும் வைக்கலாமா?

வாதம் 4: "நல்ல போட்டோ வந்தாத்தான் ஜனங்களுக்குக் காட்டு மேல ஆர்வம் வரும்."

இது நல்ல எண்ணத்துல சொல்றது, அதனால கோபப்படல. ஆனா ஏற்கெனவே இணையத்துல ஆயிரக்கணக்குல தீக்காக்கை படம் கிடக்கு. எல்லாம் அதே கிளை, அதே கழுத்துத் திருப்பல். புதுசா ஒண்ணைச் சேர்க்கிறதால காடு ஒரு அடி கூட வளரல. வளர்ந்திருக்கிறது லைக்கு மட்டும்தான்.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன். "அப்ப ஒலிப்பதிவே வேண்டாங்கறியா?"ன்னு கேட்டா, இல்லவே இல்ல. என்னை விட்டா தினமும் நாலு மணி நேரம் பறவைக் குரல் கேட்டுட்டே கோட் அடிப்பேன். என் சண்டை பதிவோட இல்ல, அதைக் காட்டுல போடற பட்டனோட.

மழைக்காட்டுக்குள்ள நின்னு பாருங்க. மரத்துக்கு மேல மரம், இலைக்கு மேல இலை. கண்ணுக்குத் தெரியற பறவை பத்துல ஒண்ணு தேறினாலே ஜாஸ்தி. மீதியெல்லாம் காதுக்குத்தான். அதனாலதான் உலகம் பூரா மழைக்காட்டுப் பறவைக் கணக்கு காதை நம்பி நடக்குது. தென்னமெரிக்கக் காடுகள்ல சுத்தின டெட் பார்க்கர்னு ஒரு மனுஷன். சுமார் 4000 இனங்களைக் குரலை வெச்சே சொல்லுவாராம். 1993ல எக்வடார்ல ஆய்வுக்குப் போனப்போ விமான விபத்துல போயிட்டார், நாப்பது வயசுதான். அவர் பிடிச்ச ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள் இன்னிக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்து மெக்காலே நூலகத்துல இருக்கு, யார் வேணா கேட்டுக் கத்துக்கலாம். 2005ல ஆரம்பிச்ச சீனோ கான்டோவுல உலகம் பூரா ஆர்வலர்கள் ஏத்தின பல லட்சம் பதிவுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். 2021ல மெர்லின் செயலியில குரலை வெச்சு அடையாளம் சொல்ற வசதி வந்துச்சு. சத்தத்தை ஒரு படமா மாத்தி, அந்தப் படத்துல பறவையைத் தேடுது. நம்ம வால்பாறையிலயே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க சிதைஞ்ச காட்டுத் துண்டுகள்ல நாட்டு மரங்களை நட்டு மீட்டுட்டு இருக்காங்க. அப்படி மீண்ட காட்டுக்குப் பறவை திரும்புதான்னு மரத்துல ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக் கேட்ட ஆய்வு 2023ல வந்துச்சு. சும்மா கேட்டாங்க. யாரையும் கூப்பிடல.

நமக்கு இது புதுசும் இல்லீங்க. நம்ம பாட்டன் பூட்டன் வெச்ச பேரைப் பாருங்க. ஆள் வந்தா கத்திக் காட்டிக் குடுக்குது, ஆட்காட்டி. காலையில ஆறு, சாயங்காலம் ஆறுன்னு கூப்பிடுது, ஆறுமணிக்குருவி. "குக்குறு குக்குறு"ன்னு நாள் பூரா கத்துது, குக்குறுவான். "அக்கா அக்கா"ன்னு கூவுது, அக்காக்குருவி. பைனாகுலர் இல்லாத ஜனம், காதை வெச்சே பேரு வெச்சிருக்கு. பேரைச் சொன்னாலே குரல் வந்துருது. அந்தக் காதைத்தான் நாம ஒரே தலைமுறையில ஸ்பீக்கருக்கு அடகு வெச்சுட்டோம்.

இன்னொரு சங்கதி. உலகத்துல முதன்முதலா ஒலிப்பதிவு பண்ணின பறவைக் குரல் எதுன்னு நினைக்கிறீங்க? 1889ல ஜெர்மனியில லுட்விக் கோச்னு எட்டு வயசுப் பையன், அப்பா வாங்கிக் குடுத்த எடிசன் மெஷின்ல, மெழுகு உருளையில பதிவு பண்ணினது. கூண்டுல வளர்த்த சோலைபாடி! ஆமாங்க, நான் புழுவைக் கீழ விழ வெச்சேனே, அதே இனம். அத்தனை நல்ல குரல். அந்தக் குரலே அதுக்கு எமனாவும் இருக்கு. தென்கிழக்கு ஆசியாவுல பாட்டுப் போட்டிக்காகப் பிடிச்சுப் பிடிச்சு, கடைசியில 2022ல சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்க்க வேண்டியதாப் போச்சு. நம்ம மலையில மிச்சமிருக்கிறதையாவது நிம்மதியாப் பாட விடுவோமே.

என்னதான் பண்ணச் சொல்றேங்கறீங்களா? நான் பண்றதைச் சொல்றேன், வேலைக்காகுதான்னு பாருங்க.

வாரத்துக்கு ஒரே ஒரு பறவை. இயர்போன்ல, பஸ்ஸுல, வீட்டுல. அதே இனத்தோட நாலஞ்சு பதிவைக் கேளுங்க, ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி பாடுவான். நம்ம மலைப்பக்கம் எடுத்த பதிவா பார்த்துக் கேளுங்க. காட்டுக்குள்ள போனதும் போன் பைக்குள்ள. முதல்ல காதால நீங்க ஒரு பதில் சொல்லுங்க, அப்புறமா மெர்லினைக் கேட்க விட்டுச் சரி பாருங்க. அது சொல்றதும் தப்பாகும். துடுப்புவால் கரிச்சான் ஊர்ப்பட்ட பறவை மாதிரியெல்லாம் கத்தும், மெஷினும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம், அதுல ஒரு சுகம் இருக்கு. முடிஞ்சா நீங்களே பதிவு பண்ணி ஏத்துங்க. போன் மைக்கே போதும். நாலு வருஷத்துல எனக்கு ஒரு முப்பது மழைக்காட்டுப் பறவை காதால தெரியும். பெருசில்ல. ஆனா ஒரு சோலை ஓரமா அரை மணி நேரம் சும்மா நின்னா உள்ளே யார் யார் வீட்டுல இருக்காங்கன்னு சொல்லிருவேன். எதையும் வெளிய வரச் சொல்லாம.

கடைசியா ஒண்ணு, இது நம்ம எல்லாருக்கும். அந்த ஸ்பீக்கர் பாதி நேரம் வழிகாட்டி கையில இருக்கு. அவரைத் திட்டிட்டுப் போறது சுலபம். அவருக்கு அது பொழப்பு. பறவையைக் காட்டலேன்னா அடுத்த வாட்டி கூப்பிட மாட்டாங்க, தர்ற காசையும் குறைப்பாங்கன்னு பயம். அந்தப் பயத்தை அவருக்குக் குடுத்தது நாமதான். அதனால அடுத்த முறை போகும்போது வண்டியில ஏறின உடனேயே சொல்லிருங்க: "அண்ணா, பாட்டுப் போட வேண்டாம். வந்தா பார்ப்போம், வரலேன்னா கேட்டுட்டுப் போவோம். பேசின காசு பேசினதுதான்." நான் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ரெண்டு பேருமே ஸ்பீக்கரை எடுத்து சீட்டுக்கடியில வெச்சுட்டாங்க. அதுல ஒருத்தர், அன்னிக்கு முழுக்க விசிலடிக்காம, பாட்டுப் போடாம, எந்தக் குரல் யாரோடதுன்னு காதோட காதாச் சொல்லிட்டே வந்தார். பார்த்தது ஆறு பறவை. கேட்டது பத்தொன்பது. குறிச்சு வெச்சிருக்கேன்.

டிஸ்கி: பச்சைச் சட்டைக்காரங்க யாராவது இதைப் படிச்சா, சண்டைக்குத் தாராளமா வாங்க. ஆட்டோ மட்டும் அனுப்பிராதீங்க. குண்டடத்துக்கு வந்தீங்கன்னா எங்க கொறங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். விடியக்காலம் கவுதாரி தானாவே கத்தும். ஸ்பீக்கரை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வாங்க.